நீச்சலில் தோற்ற படகுக்காரர் மகள்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். தூக்கம் வந்தால் தூங்குங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். நடுவில் விழித்து "அப்புறம்?" என்று கேட்டால் விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன். இன்றைக்கு ஒரு படகுக்காரர் வீட்டுக் கதை. இதில் ராஜா கிடையாது, புதையல் கிடையாது. பதினொன்றாம் வகுப்புப் படிக்கிற ஒரு பெண் ஒரே ஒரு பாடத்தில் தோற்றுப்போனாள். அதற்கு அந்த வீடு என்ன பாடுபட்டது என்பதுதான் கதை. கேட்டு முடித்தபின் அந்தப் பெண்ணை உங்களுக்கும் பிடித்துப்போகும், பாருங்கள்.

ஆறு நல்ல அகலம். இந்தக் கரையில் வீடுகளும் சந்தையும். அந்தக் கரையில் பள்ளிக்கூடம், நூற்பாலை, ஆஸ்பத்திரி. பாலம் ஒன்று உண்டு, ஆனால் மேலே வெகுதூரத்தில். பஸ்ஸில் சுற்றிக்கொண்டு போனால் உடம்பு அலுத்துவிடும். அதனால் பாதி ஊர் நம் படகுக்காரரை நம்பித்தான் ஆற்றைக் கடந்தது. அவருடையது டீசல் எஞ்சின் வைத்த மரப்படகு. இரண்டு பக்கமும் பழைய டயர்கள் தொங்கும். சைக்கிள், கோழிக்கூண்டு, மாவு மூட்டை, கல்யாணப் பெண் என்று எல்லாவற்றையும் ஏற்றியிருக்கிறார். அவர் காலத்தில் ஒரு குழந்தையின் செருப்புகூட ஆற்றோடு போனதில்லை. காற்று மாறினால் அவருக்குக் காதிலேயே தெரியும். தண்ணீர் நிறம் மாறினால் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிடுவார். "இந்த ஆள் படகு ஓட்டல, தூளியை ஆட்டுறாரு" என்று ஜனங்கள் கேலி செய்துகொண்டே நிம்மதியாகத் தூங்கிவழிவார்கள்.

அவர் மனைவி படகுத்துறையில் டீக்கடை வைத்திருந்தாள். டீ, பன், அவித்த முட்டை, அவ்வளவுதான். வாய் மட்டும் கடையைவிடப் பெரியது. ஒரே மகள். பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகப்பையை எஞ்சின் பெட்டிமேல் எறிந்துவிட்டு வேலைக்கு நின்றுவிடுவாள். படகு கரையை நெருங்கும்போது கயிற்றைச் சுழற்றி வீசினாளென்றால் கட்டுத்தூணில் போய் மாலை மாதிரி விழும். கிழவர்களைக் கை கொடுத்து இறக்குவாள். எஞ்சின் இருமினால் எந்த இடத்தில் எண்ணெய் போதவில்லை என்று அப்பாவுக்கு முன்னால் அவள் சொல்வாள்.

பரீட்சை முடிவு வந்த அன்று மேற்கே மழை பெய்து ஆறு கலங்கி ஓடியது. அந்தக் கரையிலிருந்து கிளம்பிய படகில் மகள் ஏறினாள். ஏறிய விதமே சரியில்லை. எப்போதும் பலகையில் ஒரு குதி குதித்து ஏறுகிறவள், அன்று படி தேடி ஏறினாள். படகுக்காரர் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்குத்தான் தினமும் கூடையோடு ஏறுகிற காய்க்காரம்மா இருக்கிறாளே.

"என்னடி பாப்பா, ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துருச்சு."

"வந்தது தெரியுது. என்ன வந்துச்சு?"

"காகிதமா வந்துச்சு."

"ஏறுற வரைக்கும் ஊமை, ஏறினதும் குசும்பு" என்று காய்க்காரம்மா கூடையை இழுத்து வைத்துக்கொண்டாள்.

எல்லாரும் இறங்கிப் போனபின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே மகள் சொன்னாள்.

"ஒண்ணுல போயிடுச்சுப்பா."

"எதுல? கணக்குலயா?"

"கணக்குல கிளாஸ்லயே ரெண்டாவது."

"பின்ன?"

"நீச்சல்ல."

எஞ்சினை நிறுத்தப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஆற்றங்கரை ஊர் என்பதால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நீச்சலும் ஒரு பாடம். மற்ற பாடம் எப்படி இருந்தாலும், குளத்தை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நீந்தாமல் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போக முடியாது. விடுமுறை முடிவதற்குள் மறுதேர்வு வைப்பார்கள். அதிலும் தோற்றால் அதே வகுப்பில் இன்னொரு வருஷம்.

டீக்கடையில் அம்மா இதைக் கேட்டதும் முதலில் சிரித்துவிட்டாள். மகள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது.

"எப்படிடி போச்சு?"

"முதல் நாள் டீச்சர் எல்லாரையும் வரிசையா நிக்க வச்சாங்க. நீச்சல் தெரியாதவங்க இந்தப் பக்கம், தெரிஞ்சவங்க அந்தப் பக்கம்னாங்க. என்னைப் பார்த்ததும், 'நீ படகுக்காரர் பொண்ணுதானே, உன்னை எதுக்குக் கேக்கணும், ஆழத்துப் பக்கம் போ'ன்னுட்டாங்க. போய் நின்னேன்."

"நின்னு?"

"நின்னுட்டே இருந்தேன். அப்புறம் ஒரு நாள் காய்ச்சல், ஒரு நாள் காதுவலி, ஒரு நாள் துணி எடுத்துட்டு வரலன்னு வருஷம் ஓடிருச்சு. பரீட்சை அன்னைக்கு இறங்கினேன். ஓரத்துக் கம்பியை விட முடியல. ஏறிட்டேன்."

"வாயைத் தொறந்து எனக்குத் தெரியாது டீச்சர்னு சொன்னா என்ன? முத்தா உதிர்ந்துரும்?"

மகள் ஒரு முட்டையை எடுத்து ஓட்டை மெதுவாக, துண்டுகூட உடையாமல் உரித்துக்கொண்டிருந்தாள். படகுக்காரர் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம் சொல்கிறேன். அந்த ஊரில் அவர் மனைவி ஒருத்திக்குத்தான் தெரியும் என்பது அவர் நினைப்பு. படகுக்காரருக்கும் நீச்சல் தெரியாது. ஆமாம், சிரியுங்கள், எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் காரணத்தைக் கேளுங்கள். அவர் அப்பாவும் படகுக்காரர்தான். மகனை ஒரு நாளும் தண்ணீரில் இறங்க விட்டதில்லை. நீந்தத் தெரிந்தவனுக்கு ஆபத்து வந்தால் தப்பிக்கத் தனி வழி இருக்கிறது, அவன் மனசு முதலில் குதிக்கத்தான் சொல்லும். நீந்தத் தெரியாதவனுக்குப் படகை விட்டால் வேறு கதி இல்லை, அதனால் அத்தனை பேரையும் கரை சேர்த்துத்தான் தானும் சேருவான். இது அந்தக் குடும்பத்தின் கணக்கு. கிறுக்குத்தனமா, பெரிய மனசா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு இரண்டும் கலந்ததாகத் தோன்றுகிறது.

மறுநாள் மத்தியானம், ஆள் வராத நேரம். படகுக்காரர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

"துடைச்ச இடத்தையே எத்தனை தடவை துடைப்பீங்க? அது எஞ்சின், கண்ணாடி இல்ல."

"சும்மா இரு."

"நான் சும்மா இருந்துருவேன். ஊரு சும்மா இருக்காது. 'உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா ஒரே நாள்ல கத்துக்கொடுத்துருவாரே'ன்னு காலையிலேர்ந்து கடைக்கு வந்தவங்க அத்தனை பேரும் சொல்லிட்டாங்க. டீயைவிட அந்தப் பேச்சுதான் அதிகமா ஓடுச்சு."

"நீ என்ன சொன்னே?"

"அவருக்கு நேரமில்லன்னேன். பொய் சொல்லிச் சொல்லி என் நாக்கு தடிச்சுப்போச்சு. அவகிட்டயாவது சொல்லிருங்களேன்."

"சொன்னா நாளைக்குப் படகுல யாரு ஏறுவா? இது பெருமைக்காக இல்லடி, பொழப்பு."

"பெருமையும்தான்" என்றாள் அவள். காலி டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

மகள் வந்து "நீங்க கத்துக்கொடுங்கப்பா" என்று கேட்பாள், இன்று கேட்பாள், நாளை கேட்பாள் என்று அவர் பயந்துகொண்டே இருந்தார். தண்ணீர் கலங்கல், இழுப்பு ஜாஸ்தி, எஞ்சின் பெல்ட் தேய்ந்திருக்கிறது என்று சாக்குகளை அடுக்கித் தயாராக வைத்திருந்தார். அவள் கேட்கவே இல்லை. கயிறு வீசினாள், தளத்தைக் கழுவினாள், காய்க்காரம்மாவின் கூடையைத் தூக்கி வைத்தாள். அந்த ஒரு கேள்வியை மட்டும் அவள் கேட்கவில்லை. அவள் கேட்டிருந்தால்கூட அவருக்கு இத்தனை வலித்திருக்காது.

மறுதேர்வுக்கு நாள் நெருங்கியது. ஒரு காலை நேரப் படகில் நீச்சல் டீச்சரே ஏறினார். கழுத்தில் விசில், தோளில் துண்டு. அன்று நல்ல கூட்டம். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு பெரிய ஜன்னல் கண்ணாடியை வைக்கோலில் சுற்றி, பிள்ளையைப் போல மடியில் சாய்த்துப் பிடித்திருந்தார். ஆற்றின் நடுவே வந்தபோது டீச்சர் சுக்கான் பக்கம் வந்து நின்றார்.

"அண்ணே, உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்னுதான் இந்தப் படகுல வந்தேன். உங்க பொண்ணு கெட்டிக்காரி. ஆனா இவ்வளவு திமிரு ஆகாது."

"திமிரா?"

"பின்ன என்ன? படகுக்காரர் பொண்ணு, எல்லாம் தெரியும்ங்கிற நெனப்பு. வருஷம் பூரா நான் சொல்லிக்கொடுத்ததுல ஒரு நாள்கூட தண்ணியில இறங்கல. பரீட்சையில ஒரு தடவை காலை நனைச்சுட்டு ஏறிப் போறா. என்னை மதிக்கலன்னா பரவாயில்ல, படிப்பை மதிக்கணுமில்ல?"

கண்ணாடிக் கடைக்காரருக்கு நாக்கு துறுதுறுத்தது. "அதானே! தண்ணியிலேயே பொறந்து தண்ணியிலேயே வளர்ந்துட்டு நீச்சல்ல ஃபெயிலாம். என் பையன் கண்ணாடிக் கடைக்காரன் மகன், அவன் கண்ணாடி பார்க்கத் தெரியாதுன்னா நம்புவீங்களா?"

"உங்க பையன் அதை மட்டும்தான் பார்க்குறான்" என்றாள் காய்க்காரம்மா. படகே சிரித்தது.

"சிரிக்காதீங்க, விஷயத்துக்கு வாங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர். " ஏம்மா பாப்பா, டீச்சர் கேக்குறாங்கல்ல? வாயைத் தொறந்து பதில் சொல்லு."

மகள் முன்பக்கம் கயிற்றோடு நின்றிருந்தாள். கழுத்துவரை சிவந்துவிட்டது. அப்பாவை ஒரு தடவை பார்த்தாள். பிறகு டீச்சரிடம், "தப்புதான் டீச்சர். திமிருதான்" என்றாள்.

தெரியாது என்ற ஒரு சொல்லைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் அவள் பக்கம் சாய்ந்திருப்பார்கள். அவள் சொல்லவில்லை. தன்னால்தான் அவள் பழி சுமக்கிறாள் என்று படகுக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. எஞ்சின் சத்தத்தில் வழக்கமாக யாருக்கும் கேட்காத குரல் அவருடையது. அன்று எஞ்சினைத் தாழ்த்திவிட்டுப் பேசினார்.

"டீச்சர், அவளுக்குத் திமிரு இல்ல. நீச்சல் தெரியாது. நான் கத்துக்கொடுக்கல. ஏன்னா எனக்கும் தெரியாது."

 டயரில் தண்ணீர் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்னண்ணே சொல்றீங்க?" என்றார் டீச்சர்.

"எனக்கு நீச்சல் தெரியாது. எங்கப்பாவுக்கும் தெரியாது. இந்த ஆத்துல முழங்காலுக்கு மேல நான் நனைஞ்சதே இல்ல."

அவ்வளவுதான். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு ஆலைத் தொழிலாளி தலைக்குமேல் தொங்கிய மிதவை வளையங்களை எண்ண ஆரம்பித்தார். கண்ணாடிக் கடைக்காரர் கண்ணாடியை விட்டுவிட்டுப் பலகையைப் பிடித்தார், பிறகு பலகையை விட்டுவிட்டுக் கண்ணாடியைப் பிடித்தார். "யோவ், இதை நடு ஆத்துலயா சொல்றது? கரைக்குப் போய்ச் சொன்னா ஆகாதா?" என்று கத்தினார்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே கொண்டுவந்து விட்டாரு? நேத்தும் அவருக்குத் தெரியாதுதான்" என்றாள் காய்க்காரம்மா. ஆனால் அவளும் கூடையை விட்டு ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

படகு கரை சேர்ந்தது. மகள் வீசிய கயிறு அன்று தூணில் விழவில்லை, இரண்டாம் தடவைதான் விழுந்தது. எல்லாரும் வழக்கத்தைவிட வேகமாக இறங்கினார்கள். டீச்சர் மட்டும் இறங்கவில்லை.

படகுக்காரர் மகளிடம் வந்தார். "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"தெரியும்பா."

"எப்போலேர்ந்து?"

"சின்ன வயசுல. துறை ஓரத்துல உங்க தொப்பி விழுந்துச்சு. இடுப்பளவு தண்ணிதான். நீங்க கொக்கியை எடுத்துட்டு வந்து, மண்டி போட்டு, ரொம்ப நேரம் துழாவி எடுத்தீங்க. எட்டிக் குதிச்சா முடிஞ்சுருக்கும். அப்பவே புரிஞ்சுச்சு."

"அப்ப டீச்சர்கிட்ட ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரியாதுன்னா அடுத்த கேள்வி என்ன வரும்? 'ஏன், உங்கப்பா கத்துக்கொடுக்கலையா'ன்னு கேப்பாங்க. கிளாஸ் பூரா காது. சாயந்திரம் ஊருக்கே தெரிஞ்சுரும். அப்புறம் படகுல யாரு ஏறுவா? ஒரு பாடம்தானே, போனாப் போகுதுன்னு விட்டேன். திரும்பப் படிச்சுக்கலாம்."

இப்படியும் ஒரு பிள்ளை, பாருங்கள். சோம்பேறி என்றார்கள், திமிர்பிடித்தவள் என்றார்கள், எல்லாவற்றையும் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு வருஷம் முழுக்க வாய் திறக்காமல் நின்றிருக்கிறாள். படகுக்காரர் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். எஞ்சின் சூடு என்று யாரும் நினைத்திருக்கலாம்.

டீச்சர் விசிலைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். "தப்பு என்மேலதான். எல்லாரையும் கேட்டேன், உன்னை மட்டும் கேக்காம அனுப்பிட்டேன். நாளைக்குக் காலையில குளத்துக்கு வாம்மா. இன்னும் நாள் இருக்கு."

மகள் அப்பாவைப் பார்த்தாள். "அப்பா வந்தா வரேன்."

"நானா? எனக்கு எதுக்கு?"

"தனியா இறங்கப் பயமா இருக்குப்பா" என்றாள். வருஷம் முழுக்கச் சொல்லாத அந்தச் சொல்லை அவரிடம் அப்போதுதான் சொன்னாள். அதற்குமேல் அவர் என்ன பேச முடியும்?

சேதி பரவியது. மறுநாள் படகில் பாதி இடம் காலி. பஸ்ஸில் சுற்றிப் போனவர்கள் போனார்கள். டீக்கடையிலும் டீ மிஞ்சியது. படகுக்காரர் மனைவி அதற்கெல்லாம் அசரவில்லை. "போறவங்க போகட்டும். என் நாக்கு லேசாயிருச்சு, அது போதும்" என்று பன்னை அடுக்கினாள். விடிந்ததும் விடியாததுமாக இருவரையும் எழுப்பித் துண்டைக் கொடுத்து அனுப்பினாள்.

பள்ளிக்கூடத்து நீச்சல் குளம் நீல ஓடு பதித்தது. மருந்து நெடி மூக்கில் ஏறும். ஆழமில்லாத பக்கத்தில் சின்னப் பிள்ளைகள் தட்டாமாலை சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நடுவில் நம் படகுக்காரர், மார்பில் ரோமம் நரைத்த ஆள், அரைக்கால் சட்டையோடு இறங்கி நின்றார். தண்ணீர் இடுப்பைத் தொட்டதும் அவருக்குப் பல் கிட்டிப்போயிற்று.

"மாமா, மூக்கைப் பிடிக்காதீங்க. வாயால ஊதுங்க, இப்படி" என்று முன்பல் விழுந்த ஒரு பெண் குழந்தை முகத்தை முக்கிக் காட்டியது. "பயமா இருந்தா என் கையைப் பிடிச்சுக்குங்க. நான் விட மாட்டேன்."

"நெசமாத்தான் விடமாட்டியா?"

"கொஞ்ச நேரம் கழிச்சு விட்டுருவேன். டீச்சரும் அப்படித்தான் செய்வாங்க."

அவர் முகத்தை முக்கினார். இருமிக்கொண்டு எழுந்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தப் பக்கம் மகளும் முக்கினாள், இருமினாள், எழுந்தாள். அப்பா இருமுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கம்பியை விட்டுவிட்டாள். விட்டதை அவளே கவனிக்கவில்லை. டீச்சர் கவனித்தார், சொல்லவில்லை.

பிறகு ஒவ்வொரு காலையும் இதே வேலைதான். முதலில் மூச்சு, பிறகு கால், பிறகு கை. மல்லாந்து மிதப்பதுதான் அவளுக்குக் கடைசிவரை வரவில்லை. உடம்பை நம்பித் தண்ணீரில் விடு என்பார் டீச்சர். அவள் கழுத்தை விறைத்துக்கொண்டு மூழ்குவாள். அப்பாவுக்கு அது ஒன்றுதான் வந்தது. கட்டை மாதிரி மிதந்தார். "அசையாம இருக்கிறதுல உங்களை அடிச்சுக்க ஆளில்லப்பா" என்றாள் மகள். முதல் படகுக்கு நேரமானதும் ஈரத் தலையோடு இருவரும் துறைக்கு ஓடுவார்கள். காய்க்காரம்மா அவர்களுக்காகக் காத்திருப்பாள். பஸ் சுற்றில் தங்கள் கீரை வதங்கிப்போனதைப் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். கண்ணாடிக் கடைக்காரரும் வந்தார். பஸ் குலுக்கலில் அவருக்கு ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. "என்ன படகுக்காரரே, எந்த வகுப்பு வரைக்கும் வந்தீங்க?" என்பார். "மூக்கு முக்குற வகுப்பு பாஸ். கால் உதைக்கிற வகுப்புல இருக்கேன்" என்பார் இவர். ஒளிக்க ஒன்றும் இல்லாத மனிதனுக்குப் பேச்சு எப்படி வந்துவிடுகிறது பாருங்கள்.

மறுதேர்வு அன்று மழை தூறியது. குளத்தின் மேல் தண்ணீர்ப் புள்ளிகள் விழுந்துகொண்டிருந்தன. அம்மா கடையை அடைத்துவிட்டு வந்திருந்தாள். சட்டம் இதுதான்: டீச்சர் நீளக் கம்பைப் பிடித்துக்கொண்டு கரையோரமே கூட நடப்பார். முடியவில்லை என்றால் கம்பைத் தொடலாம். தொட்டால் தேர்வு முடிந்தது, வருஷமும் போயிற்று.

விசில் ஊதியது. மகள் கிளம்பினாள். அழகான நீச்சல் என்று சொல்ல முடியாது. தண்ணீரை அடித்துத் துவைத்துக்கொண்டு போனாள். ஆனால் போனாள். பாதிக்கு மேல் தாண்டியபோது தண்ணீர் வாய்க்குள் போய்விட்டது. இருமினாள். கை தப்பியது. தலை உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடி உள்ளே போனது.

டீச்சர் கம்பை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒரு சாண் தூரம்.

படகுக்காரர் வாழ்நாள் முழுவதும் "பிடி, பிடி" என்று கயிறு நீட்டியே பழகியவர். அந்தச் சொல் தொண்டைவரை வந்துவிட்டது. மனைவி அவர் முழங்கையைப் பிடித்து நகம் பதிய அழுத்தினாள். அவர் சொல்லை விழுங்கிக்கொண்டார். பிடிப்பதா வேண்டாமா என்று மகளே முடிவு செய்யட்டும். தன்னைக் காப்பாற்ற அவள் ஒரு வருஷம் பேசாமல் இருந்தாளே, அவளுக்காக இவரால் ஒரு நொடி பேசாமல் இருக்க முடியாதா?

மகள் கம்பைப் பார்த்தாள். தொடவில்லை. கழுத்தைத் தளர்த்தித் தலையைப் பின்னால் சாய்த்தாள். இத்தனை நாள் வராதது அப்போது வந்தது. மெல்ல மல்லாந்து, கையை விரித்து, முகத்தில் தூறல் விழ விழ, அப்படியே மிதந்தாள். மார்பு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது.  மூச்சு நிலைப்பட்டதும் குப்புறத் திரும்பி மறுபடி அடிக்க ஆரம்பித்தாள். அவள் விரல் அந்த முனைச் சுவரில் பட்ட சத்தம்கூட எனக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது.

டீச்சர் கம்பைக் கீழே போட்டார். "பாஸ்!" என்றார். அப்புறம்தான் விசில் ஊத வேண்டும் என்று ஞாபகம் வந்து, ஊதினார்.

மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அப்பா ஓடிவந்து குளத்தோரம் மண்டியிட்டார். 

"கம்பைப் பிடிச்சிருக்கலாமேம்மா" என்றார்.

"பிடிச்சா நாளைக்கும் உங்ககூட மூக்கு முக்கணுமே" என்றாள் அவள். "அம்மா, பசிக்குது. முட்டை இருக்கா?"

"எல்லாம் இருக்கு, ஏறி வாடி முதல்ல" என்று அம்மா துண்டை விரித்துக்கொண்டு நின்றாள். அவள் கன்னத்தில் வழிந்தது தூறலா வேறொன்றா என்று யாரும் கேட்கவில்லை.

டீச்சர் படகுக்காரரிடம் கேட்டார். "அண்ணே, நீங்க எப்போ பரீட்சைக்கு வரீங்க?"

"வரேன் டீச்சர். முதல் தடவை தோத்துருவேன், பரவாயில்ல. தோத்தா எப்படி நிக்கணும்னு வீட்டுலயே கேட்டுக்கலாம்."

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தோற்றுவிட்டு வந்து நிற்கிற அன்று, உங்கள் அடுப்பில் சூடாக ஏதாவது இருக்கட்டும். உங்கள் வீட்டில் எவரும் மற்றவருக்காகத் தனியே சுமக்காமல், தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக்கொண்டு, சேர்ந்து இறங்கிச் சேர்ந்து கரையேறுங்கள். உங்கள் வாசலில் எப்போதும் ஈரக் கால்தடமும் சிரிப்புச் சத்தமும் இருக்கட்டும். நன்றாக இருங்கள்.